சிகாகோவுக்கு முதல் பயணம்: நகருக்குள்ளேயே நான்கு இரவு தங்குங்கள்

கேள்வி: நான் இராமநாதபுரம் மாவட்டத்தில் இயற்பியல் ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன், வயது 67. என் மனைவிக்கு 62 வயது, முழங்கால் வலி உண்டு, மாடிப்படி ஏறுவது கடினம். எங்கள் மகன் சிகாகோவுக்கு அருகே நேப்பர்வில் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். வரும் ஜூலைத் தொடக்கத்தில் போய் ஐந்து வாரம் தங்க இருக்கிறோம், விசா கிடைத்துவிட்டது. மகனுக்கு வார நாள்களில் விடுப்பு இல்லை. சிகாகோவை எப்படிப் பார்ப்பது? நயாகராவையும் நியூயார்க்கையும் இதோடு சேர்த்துவிடுங்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். விவேகானந்தர் பேசிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வெயில், மருத்துவம், கொண்டுபோக வேண்டியவை பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தில் இருக்கும் கேள்விகளில் நயாகராவுக்கும் நியூயார்க்குக்கும் முதலில் விடை சொல்லிவிடுகிறேன், அதைப் பொறுத்துத்தான் மற்றவை அமையும். இரண்டையும் இந்த முறை விட்டுவிடுங்கள். சிகாகோவிலிருந்து நயாகரா ஏறத்தாழ 850 கிலோமீட்டர், நியூயார்க் 1,250 கிலோமீட்டருக்கும் மேல். வார இறுதி இரண்டு நாளில் மகன் காரோட்டிக் கூட்டிப்போவது என்றால் அவர் சோர்ந்துபோவார், முழங்கால் மடக்கி ஒன்பது மணி நேரம் உட்கார்ந்த உங்கள் துணைவியார் அருவிக்கரையில் நிற்கும்போது வலியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். அமெரிக்கா இந்தியர்களுக்குச் சுற்றுலா விசாவை வழக்கமாகப் பத்து ஆண்டுக்குக் கொடுக்கிறது. மகன் அங்கேயே இருக்கிறார், மறுமுறை போவீர்கள். ஐந்து வாரத்தில் ஒரே ஒரு பெருநகரத்தை நிதானமாகப் பார்த்துத் திரும்புங்கள் என்பதுதான் என் திடமான கருத்து.

அடுத்தது, எங்கே தங்குவது என்பது. நேப்பர்வில் சிகாகோவுக்கு மேற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மெட்ரா என்னும் புறநகர் ரயில் அங்கிருந்து நகரின் யூனியன் நிலையத்துக்கு ஓடுகிறது. விரைவு ரயில் கிடைத்தால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், எல்லா ஊரிலும் நிற்பது என்றால் ஒரு மணிக்கும் மேலாகும். மகன் வீட்டிலிருந்து நாள்தோறும் போய்வரலாமே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், செலவும் குறையும். ஆனால் இரண்டடுக்கு ரயிலின் படிகளில் ஏறி இறங்கி, யூனியன் நிலையத்திலிருந்து மிச்சிகன் ஏரிக்கரைப் பூங்காவுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய், மாலையில் கூட்ட நேரத்துக்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தோடு பார்ப்பதில், நாளின் நல்ல பகுதியெல்லாம் வழியிலேயே போய்விடும். கோடைச் சிகாகோவின் அழகு காலை எட்டு மணிக்கும் மாலை ஏழு மணிக்குப் பிறகும்தான் இருக்கிறது. ஜூலை நடுவில் அங்கே சூரியன் மறைவதே இரவு எட்டரை மணிக்குச் சற்று முன்புதான். போய்வருபவர்களுக்கு அந்த இரு வேளைகளும் கிடைக்காது. எனவே மிச்சிகன் அவென்யூவையும் சிகாகோ நதியையும் ஒட்டிய பகுதியில், மில்லெனியம் பூங்காவுக்கு நடக்கும் தொலைவில், நான்கு இரவுக்கு ஓர் ஓட்டல் அறை எடுங்கள். நண்பகலில் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க முடிவது முழங்கால் வலி உள்ளவருக்கு எந்த மருந்தையும்விடப் பெரிய உதவி.

அதற்குச் செலவாகும் என்பதை மறைக்க மாட்டேன். அந்தப் பகுதியில் ஜூலை மாதம் இரவுக்கு 200 டாலருக்குக் குறைவாக நல்ல அறை கிடைப்பது அரிது. அதன்மேல் 17 சதவீதத்துக்கும் அதிகமான ஓட்டல் வரி உண்டு. சில ஓட்டல்கள் அறை வாடகைக்கு மேல் நாள்தோறும் ஒரு தனிக் கட்டணமும் வசூலிக்கின்றன; முன்பதிவின் கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்த பிறகே ஒப்பிடுங்கள். சிறு சமையலறை உள்ள அறைகளும் உண்டு. குளிர்பதனப் பெட்டியும் மைக்ரோவேவ் அடுப்பும் இருந்தால்கூடப் போதும், மருமகளோ மகனோ கட்டிக்கொடுக்கும் தயிர்சாதமும் புளிசாதமும் இரண்டு நாளுக்கு வரும், உணவுச் செலவு பாதியாகும்.

எந்த நான்கு இரவு என்பதிலும் கவனம் வேண்டும். இந்தியாவுக்கும் சிகாகோவுக்கும் கோடையில் பத்தரை மணி நேர வேறுபாடு; இரவும் பகலும் ஏறக்குறைய தலைகீழ். முதல் வாரம் முழுவதும் விடியற்காலை இரண்டு மணிக்கு விழிப்பு வரும், பிற்பகலில் கண்ணைச் சுழற்றும். அந்த வாரத்தை மகன் வீட்டிலேயே கழியுங்கள். ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர நாள் என்பதால் அதை ஒட்டி நகரில் கூட்டமும் வாடகையும் ஏறும். ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ கிராண்ட் பூங்காவில் லோலப்பலூசா என்ற மாபெரும் இசை விழா நான்கு நாள் நடக்கும். அப்போது நகர மையத்தில் இளைஞர் கூட்டம் நிரம்பி, அறை வாடகை பல மடங்காகும். இந்த இரண்டுக்கும் நடுவே, ஜூலை இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில், ஞாயிறு மாலை போய் வியாழன் மாலை திரும்புவதுபோல் அமைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவை விட ஞாயிறு இரவு வாடகை பொதுவாகக் குறைவு. ஞாயிறன்று மகனே காரில் கொண்டுவந்து விட்டுவிடவும் முடியும்.

திங்கட்கிழமையை விவேகானந்தருக்கு ஒதுக்குங்கள். மிச்சிகன் அவென்யூவில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் காவல் நிற்கும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்னும் கலை அருங்காட்சியகந்தான் நீங்கள் தேடும் இடம். 1893 செப்டம்பர் 11 முதல் 27 வரை சர்வ சமயப் பேரவை அங்கேதான் கூடியது. அவர் உரையாற்றிய பெரிய மண்டபம் அந்தக் கூட்டங்களுக்காகத் தற்காலிகமாக எழுப்பப்பட்டது, இன்று இல்லை; இதை முன்பே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இராது. கட்டடம் அதே கட்டடம். அதன் எதிரே ஓடும் மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு விவேகானந்தர் பெயரைச் சிறப்புப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள், தெருவோரப் பலகையைப் பாருங்கள். சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடுவீடாகப் பணம் திரட்டியதும், உங்கள் ஊர் மன்னர் பாஸ்கர சேதுபதி ஊக்கமும் பொருளும் கொடுத்ததும் சேர்ந்துதான் அந்தப் பயணம் நடந்தது. இராமநாதபுரத்திலிருந்து போகும் ஒருவருக்கு அந்தப் படிகளில் நிற்பதற்குத் தனி உரிமையே உண்டு என்று நான் நினைக்கிறேன். அருங்காட்சியகத்துக்குச் செவ்வாயும் புதனும் விடுமுறை. மற்ற நாளிலும் காலை பதினோரு மணிக்குத்தான் திறக்கிறார்கள் என்பதால் டிக்கெட் எடுக்குமுன் நேரத்தை ஒருமுறை சரிபாருங்கள். உள்ளே சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள். உங்கள் துணைவியார் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். சில நாள் அனுமதி இலவசம் என்று இணையத்தில் படிப்பீர்கள். அது இல்லினாய் மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும், அடையாள அட்டை கேட்பார்கள்.

பதினோரு மணி வரை என்ன செய்வது? எட்டு மணிக்குத் திறக்கும் மில்லெனியம் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்த, மொச்சைக்கொட்டை வடிவிலான பளபளக்கும் பெரிய எஃகுச் சிற்பத்தில் நகரத்தின் வான்கோடு முழுவதும் வளைந்து தெரியும். பத்து மணிக்குமேல் அங்கே தனியாக ஒரு படம் எடுக்க இயலாது. பூங்காவுக்கு எதிரே, தெருவைக் கடந்தால், கல்ச்சுரல் சென்டர் என்ற பழைய கட்டடம் இருக்கிறது. 1897-இல் பொது நூலகமாகக் கட்டப்பட்டது. வண்ணக் கண்ணாடிக் குவிமாடம் ஒன்றை அண்ணாந்து பார்க்கலாம். அனுமதி இலவசம், குளிர்சாதனம் உண்டு, உட்கார இருக்கையும் சுத்தமான கழிப்பறையும் உண்டு. அமெரிக்க நகரங்களில் தெருவோரப் பொதுக் கழிப்பறை மிகக் குறைவு என்பதால், வயதானவர்கள் இப்படிப்பட்ட இடங்களை முதலிலேயே மனத்தில் குறித்துக்கொள்வது அவசியம்.

செவ்வாய்க்கிழமை, இயற்பியல் ஆசிரியரான உங்களுக்காகவே ஒரு யோசனை. வழக்கமான சுற்றுலாப் பட்டியலில் இது இருக்காது. நகர மையத்திலிருந்து தெற்கே ஹைட் பார்க் பகுதிக்கு டாக்சியில் போங்கள். சிகாகோ பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1937-இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1983-இல் நோபல் பரிசு பெற்று, 1995-இல் மறையும்வரை அதோடு பிணைந்திருந்தார். வளாகத்தின் எல்லிஸ் அவென்யூவில் ஹென்றி மூர் வடித்த ஒரு வெண்கலச் சிற்பம், மண்டையோடு என்றும் காளான் புகை என்றும் தோன்றும் வடிவில், தெருவோரத்திலேயே நிற்கிறது. 1942 டிசம்பர் 2 அன்று என்ரிக்கோ ஃபெர்மியின் குழு கட்டுப்படுத்தப்பட்ட முதல் அணுக்கருத் தொடர்வினையை நடத்திக்காட்டியது அந்த இடத்தில்தான்; அப்போது அது ஒரு விளையாட்டரங்கின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இருந்த கூடம். டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. பல ஆண்டுகள் மாணவர்களுக்குக் கரும்பலகையில் விளக்கிய ஒன்று நிகழ்ந்த மண்ணில் நின்றுவிட்டு வாருங்கள். அங்கிருந்து சிறிது தொலைவில் அறிவியல், தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1893 உலகக் கண்காட்சிக்குக் கட்டிய மாளிகைகளில் எஞ்சியது அது, 1944-இல் அமெரிக்கக் கடற்படை பிடித்த யு-505 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலை முழுதாக உள்ளே வைத்திருக்கிறார்கள். நீர்மூழ்கியின் உள்ளே குறுகலான வழி என்பதால் துணைவியார் வெளியிலிருந்து பார்ப்பதே நல்லது.

புதன்கிழமை காலை நதிப் படகு. ஒரே ஒரு கட்டணச் சுற்றுலாவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதற்கே செலவிடுங்கள் என்பேன். 1871 அக்டோபரில் பெருந்தீயில் நகரத்தின் நடுப்பகுதி அழிந்தது. அந்த வெற்றிடத்தில் புதிதாகக் கட்ட வந்தவர்கள்தான் எஃகுச் சட்டத்தில் உயரக் கட்டும் கலையை வளர்த்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், உட்கார்ந்த இடத்திலேயே, அந்த வரலாறு இரு கரையிலும் நகர்ந்துவரும். வழிகாட்டி ஒவ்வொரு கட்டடத்தையும் விளக்குவார். படகு போகும் அந்த நதியே ஓர் அதிசயம். நகரத்தின் கழிவு நதி வழியே குடிநீர் ஏரியில் கலந்ததைத் தடுக்கக் கால்வாய் வெட்டி, 1900-இல் அதன் ஓட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பினார்கள். மேல்தளத்தில் நிழல் கிடையாது, எனவே காலை முதல் படகோ மாலைப் படகோ எடுங்கள். படகுத்துறை தெருவுக்கு ஒரு மாடி கீழே இருப்பதால் லிஃப்ட் அல்லது சரிவுப்பாதை எங்கே என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். ஏறி இறங்கும் இடத்துக்கு அருகிலேயே ட்ரிப்யூன் கோபுரம் இருக்கிறது. அதன் கீழ்ச்சுவரில் உலகின் பல நினைவுச்சின்னங்களின் கல்துண்டுகளைப் பெயரோடு பதித்திருக்கிறார்கள். தாஜ்மகாலின் துண்டைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அன்று மாலை ஆறரை மணிக்கு மில்லெனியம் பூங்காவின் திறந்தவெளி அரங்கில் கோடைக்கால இலவச இசைக்கச்சேரி இருக்கும், புல்வெளியில் பலரும் உணவோடு வந்து உட்கார்ந்து கேட்பார்கள். ஆற்றல் மிச்சமிருந்தால், கோடைப் புதன்கிழமை இரவுகளில் நேவி பியர் துறையில் விடும் வாணவேடிக்கையை ஏரிக்கரையிலிருந்தே பார்க்கலாம்.

உயரக் கட்டடத்தின் உச்சிக்குப் போக வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும். 110 மாடி வில்லிஸ் கோபுரத்தில் 103-ஆம் மாடியிலும், வடக்கே இருக்கும் பழைய ஜான் ஹேன்காக் கட்டடத்தில் 94-ஆம் மாடியிலும் பார்வைத்தளங்கள் உள்ளன. இரண்டையும் பொறியியல் கணக்கிட்டு நிறுத்தியவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான். ஒன்று போதும். நான் ஹேன்காக்கையே சொல்வேன், ஏரியும் கரையும் அங்கிருந்து நெருக்கமாகத் தெரியும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஏறினால் பகலும் இரவும் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும். மேகம் தாழ்ந்த நாளில் மேலே வெறும் வெள்ளைதான் தெரியும் என்பதால், இதை மட்டும் முன்கூட்டியே வாங்காமல் வானத்தைப் பார்த்து அன்றைக்கே முடிவு செய்யுங்கள். வியாழக்கிழமையை வேண்டுமென்றே காலியாக விடுகிறேன். மழை ஏதேனும் ஒரு நாளைக் கெடுக்கும். கெடுக்காவிட்டால் ஏரிக்கரையில் உட்கார்ந்திருங்கள். மிச்சிகன் ஏரியின் பரப்பு தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. எதிர்க்கரை தெரியாது, அலை அடிக்கும், ஆனால் உப்பு இல்லாத நீர். பாம்பன் கடலைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது நல்ல புதுமையாக இருக்கும்.

நகருக்குள் நடமாட்டத்துக்கு ஒரு செய்தி தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனைதான் எண்களின் தொடக்கம். அங்கிருந்து நான்கு திசையிலும் கதவு எண்கள் ஏறும், வடக்கே 800 எண்ணுக்கு ஒரு மைல். 1600 வடக்கு என்றால் இரண்டு மைல் என்று கணக்குப் போடுவது உங்களுக்கு எளிது. மேம்பாலத்தில் ஓடும் ரயிலைப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இல்லை. போகும் நிலையத்தில் உண்டா என்று வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். உங்கள் துணைவியாருக்குப் பேருந்துதான் உகந்தது, நிறுத்தத்தில் அதன் முன்பக்கம் தரையை நோக்கித் தாழும், கேட்டால் சரிவுப்பலகையை விரிப்பார்கள். செயலி வழியே கார் அழைக்கும்போது வாக்கர் டிரைவ் என்ற சாலையில் நிற்காதீர்கள்; அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குச் சாலை, ஓட்டுநர் கீழே வந்து நிற்பார், நீங்கள் மேலே நிற்பீர்கள். இரவு பத்து மணிக்குமேல் ரயில் வேண்டாம், கார் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயிலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். சராசரி உச்சம் 29 டிகிரி செல்சியஸ் என்பது நமக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் சில நாள்களில் 35 டிகிரியும் புழுக்கமும் சேரும். 1995 ஜூலையில் அப்படி வந்த வெப்ப அலையில் நகரில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அங்கே வானிலையை ஃபாரன்ஹீட்டில் சொல்வார்கள், 95 என்றால் நம் 35. நண்பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை அறையிலோ அருங்காட்சியகத்திலோ இருங்கள். உள்ளே குளிர்சாதனம் நடுங்கவைக்கும் என்பதால் ஆளுக்கொரு சால்வை கைப்பையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். காலணியை இப்போதே வாங்கி, புறப்படுவதற்குள் ஒரு மாதமாவது ஊரில் நடந்து பழக்குங்கள். சேலைக்குச் செருப்புதான் பொருத்தம் என்று துணைவியார் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மருத்துவக் காப்பீட்டை விமான டிக்கெட்டுக்கு இணையான கட்டாயச் செலவாகக் கருதுங்கள். அங்கே ஒரு முறை அவசரப் பிரிவுக்குப் போனாலே ஆயிரக்கணக்கான டாலர் கணக்கு வரும். பார்வையாளர் காப்பீடுகளில் இருவகை உண்டு: ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டியவை ஒருவகை, மொத்தச் செலவில் பெரும்பகுதியை ஏற்பவை மற்றொருவகை. முதல்வகை மலிவு, ஆபத்தில் கைகொடுக்காது. இரண்டாவதையே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றை மறைக்காமல் எழுதி, அவை திடீரென்று தீவிரமானால் எவ்வளவு தருவார்கள் என்ற விதியைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். மருந்துகளை ஐந்து வாரத்துக்கும் மேலும் பத்து நாளுக்கும் சேர்த்து, அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் எடுத்துப்போங்கள். சீட்டில் வேதிப்பெயர் இருக்க வேண்டும், நம் ஊர் நிறுவனப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. நமக்குப் பாராசிட்டமால், அவர்களுக்கு அசிட்டமினோஃபென். சிறு காய்ச்சல், சுளுக்குக்கு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகாமல் அர்ஜென்ட் கேர் என்ற சிறு மையங்களுக்குப் போவதே முறை. மார்பு வலி போன்றவற்றுக்கு மட்டும் தயங்காமல் 911 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

உணவகத்தில் அட்டையில் போட்டிருக்கும் விலை முழு விலை அல்ல. வரி பத்து சதவீதத்துக்கும் மேல், பரிமாறுபவருக்கு டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம். 40 டாலர் என்று பார்த்துச் சாப்பிட்டது எழும்போது 52 டாலராகிவிடும். உணவைக் கட்டி எடுத்துச்செல்லும் கடைகளில் டிப்ஸ் கட்டாயமில்லை. சைவம் என்றால் முட்டை உண்டு என்றும், காய்கறி சூப்பில் கோழிச்சாறு உண்டு என்றும் கொள்வார்கள், ஒவ்வொன்றையும் கேட்டு வாங்குங்கள். சிகாகோவின் ஆழத்தட்டுப் பீட்சா வேக முக்கால் மணி நேரமாகும். இருவருக்கும் சிறியதே மிஞ்சும்.

டிக்கெட் எடுக்கும்போதே துணைவியாருக்குச் சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்துவிடுங்கள், விமான நிலையத்தில் நீண்ட நடையும் வரிசையும் அதனால் குறையும். குடிவரவு அதிகாரி கேட்பதற்குச் சுருக்கமாக உண்மையைச் சொல்லுங்கள்: மகனைப் பார்க்க வந்தோம், ஐந்து வாரம், இதோ திரும்பும் டிக்கெட். மகன் வீட்டு முகவரியைத் தாளில் எழுதி வைத்திருங்கள். நூறு டாலர் அளவுக்குச் சில்லறை நோட்டு போதும், மற்றதற்கு அட்டை. அங்கே மின்சாரம் 120 வோல்ட். கைப்பேசி சார்ஜர் தட்டைமுனை அடாப்டரோடு வேலை செய்யும், நம் மிக்சி செய்யாது. வார இறுதிகளில் நேப்பர்விலை அடுத்த அரோராவில் பாலாஜி கோயிலும், லெமாண்டில் விவேகானந்தர் சிலையோடு கூடிய இராமர் கோயிலும் மகனோடு போய்வர வசதியானவை. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, ஊறுகாய் எல்லாம் கடையில் கட்டிய பொட்டலமாக எடுத்துப்போகலாம். சுங்கப் படிவத்திலோ அதிகாரி கேட்கும்போதோ உணவுப்பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், சொல்லாமல் மறைத்தால்தான் அபராதம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் பழத்துக்கும் அனுமதி இல்லை, அவற்றை அங்குள்ள இந்தியக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.